காஸ்பர் கற்றுக்கொடுத்த குடி

காஸ்பர் ஊருக்குத் திரும்பி வந்தபோது அவருக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்து குடிக்கிற ஒரு பாரில் சப்ளையராக இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பியதும் பார் முதலாளியும் கப்பல் ஏறிவிட்டார். காஸ்பரின் மனைவி அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். மகள் ரோஸ்மேரியை மட்டும் கூட்டிக்கொண்டு, செஞ்சியை அடுத்த வல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தெருவுக்கு வந்து, அப்பா விட்டுப்போன நிலத்தில் மல்லாட்டை போட ஆரம்பித்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

எங்கள் தெரு முழுக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள். தவக்காலம் நாற்பது நாளும் கறி கிடையாது, குடி கிடையாது. ஈஸ்டர் முடிந்த கையோடு வில்லியனூர் மாதா கோயில் தேர் வரும். வில்லியனூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. நம் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் இல்லை. தேர் நாளில் தோப்புத் தோப்பாகப் பந்தல் போட்டு பீரும் கள்ளும் சாராயமும் விற்பார்கள். மாதாவைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்புகிற ஆண்கள் மனசில் மாதாவும் இருந்தாள், அந்தப் பந்தல்களும் இருந்தன. ஒரு வருஷத்து ஆசையை ஒரு பகலில் தீர்த்துக்கொள்ளப் பார்ப்பார்கள். மண்டை உடைந்து வருவார்கள், வேட்டி இல்லாமல் வருவார்கள். 1960-ல் தேவசகாயம் உயிரோடு வரவில்லை.

தேவசகாயம் நேர்த்திக்கடனுக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தான். பூசை முடிந்ததும் நேராகப் பந்தலுக்குப் போய்ச் சாராயம் குடித்தான். மாமரத்தடியில் மல்லாந்து படுத்தவனை, தூங்கட்டும் என்று கூட வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். படுத்தவாக்கில் வாந்தி எடுத்து, அது தொண்டையில் அடைத்து, சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தான். உடலை வண்டியில் ஏற்றி வந்தபோது காஸ்பர்தான் இறக்கிப் படுக்க வைத்தார். தேவசகாயத்தின் மனைவி லூர்துமேரி அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற காஸ்பர் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார்.

அடுத்த வருஷம் தேருக்கு முன்னால் அவர் ஆண்களைக் கூட்டி வைத்துப் பேசினார். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் குடிக்காதே என்றார், யாரும் கேட்கவில்லை. காஸ்பர் குடிக்காதே என்று சொல்லவில்லை. எப்படிக் குடிப்பது என்று சொன்னார். முதலில் வயிறு நிறையக் கறியும் சோறும் சாப்பிட வேண்டும். சாராயப் பந்தல் பக்கமே போகக்கூடாது, பீர் மட்டும்தான். பாட்டிலோடு கவிழ்க்காமல் கிளாஸில் ஊற்றி, பேசிக்கொண்டே உறிஞ்ச வேண்டும். ஒரு கிளாஸுக்கு ஒரு சொம்பு தண்ணீர். யாரும் தனியாக எழுந்து போகக்கூடாது, ஆற்றுப் பக்கம் போகவே கூடாது. எவனாவது படுத்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவன் கூட உட்கார வேண்டும். பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு எல்லை தாண்டக்கூடாது; திண்டிவனம் ரோட்டில் போலீஸ் நிற்கும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்.

“சாயங்காலம் தேர் வரும்போது மெழுகுவத்தியக் கையில புடிச்சா, அது ஆடக்கூடாது. ஆடிச்சின்னா நீ குடிச்சது ஜாஸ்தி. அவ்ளோதான் கணக்கு.”

ஆண்கள் சிரித்தார்கள். ஆனால் பாரில் வேலை பார்த்தவர் சொல்கிறார் என்பதால் கேட்டுக்கொண்டார்கள். அவரே கூடப் போனார். ஒரு பாட்டில் பீரை மத்தியானத்திலிருந்து வெயில் தாழும்வரை வைத்துக் குடித்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பார்த்துக் குடித்தார்கள். சாயங்காலம் எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி நேராக எரிந்தது. மறுநாள் பஸ்ஸில் போனபடியே திரும்பி வந்தார்கள். பெண்கள் ரோட்டிலேயே காத்திருந்தார்கள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே நடந்தது. காஸ்பரைப் பீர் வாத்தியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். லூர்துமேரிகூட ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்து, ஒரு வருஷம் முந்தி இதைச் சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனாள். வாழ்க்கையில் தான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான் என்று காஸ்பர் நினைத்தார். அந்தச் சந்தோஷம் இரண்டு வருஷம் இருந்தது.

காஸ்பரின் தங்கை பாக்கியம் புருஷன் இல்லாதவள். அவளுக்கு ஒரே மகன் ஆரோக்கியநாதன். செஞ்சியில் மல்லாட்டை உடைக்கிற மில்லில் மூட்டை தைப்பான். சம்பளத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவான். பீடிகூடக் கிடையாது. ரோஸ்மேரியை அவனுக்குத்தான் என்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தார்கள். அதுவரை பாக்கியம் அவனைத் தேருக்கு ஆண்களோடு அனுப்பியதே இல்லை. 1963-ல் அவளே வந்து சொன்னாள்.

“உன்னோடன்னா வரட்டும்ணா. மத்தவங்களோட அனுப்பமாட்டேன்.”

ஆரோக்கியநாதன் எல்லாம் சொன்னபடி செய்தான். சோறு தின்றான், தண்ணீர் குடித்தான், ஒரே ஒரு பாட்டில்தான் குடித்தான். ஆனால் காஸ்பர் ஒன்றைப் பார்த்தார். மற்றவர்கள் குடித்து முடித்ததும் பேச்சில் இறங்கிவிட்டார்கள். இவன் பேசவில்லை. பக்கத்துப் பாயில் யாரோ மிச்சம் வைத்திருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாரில் அந்தப் பார்வை உள்ள ஆட்களைக் காஸ்பர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். நூறு பேர் வந்தால் இரண்டு மூன்று பேர் அப்படி இருப்பார்கள். அவர்களுக்கு முதல் கிளாஸே கடைசிக் கிளாஸாக இருந்திருக்க வேண்டும் என்று முதலாளி சொல்வார். காஸ்பருக்கு அது ஞாபகம் வந்தது. தங்கை மகன், தங்கமானவன், நமக்குத்தான் வீண் சந்தேகம் என்று தள்ளிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரோக்கியநாதன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: “இது இவ்ளோ நல்லா இருக்கும்னு நீ சொல்லவேயில்லியே மாமா.”

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. அந்த வருஷத் தேரிலும் மெழுகுவர்த்தி ஆடவில்லை. அதன்பிறகுதான் ஆரோக்கியநாதன் மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குப் பஸ் ஏற ஆரம்பித்தான். பிறகு வாராவாரம். பிறகு அவ்வளவு தூரம் போக அவனால் பொறுக்க முடியவில்லை. பீர் நம் பக்கம் எங்கே கிடைக்கும்? செஞ்சிக் கோட்டை மலைகளுக்குப் பின்னால், பாறை இடுக்கில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிற சாராயம் கிடைத்தது. மில்லில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அந்த வழி தெரியும். ஒரு வருஷத்துக்குள் அவனுக்கும் தெரிந்துவிட்டது.

மில்லில் இரண்டு முறை எச்சரித்துவிட்டு மூன்றாம் முறை நிறுத்திவிட்டார்கள். ரோஸ்மேரி கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மல்லாட்டை பறிக்கக் கூலிக்குப் போனாள். அவன் அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்வான். எழுந்ததும் போய்விடுவான். அவளுடைய கம்மலையும் அவளிடம் கேட்டு, அவள் கழற்றிக் கொடுத்துத்தான் வாங்கிப் போனான்.

காஸ்பர் ஒருநாள் வயல் வரப்பில் அவனை மறித்து உட்கார வைத்தார். கோபப்பட்டார், கெஞ்சினார், குழந்தையைச் சொல்லி அழுதார். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

“நீ சொன்ன மாதிரிதான் மாமா பண்றேன். சாப்ட்டுட்டுத்தான் குடிக்கிறேன். தண்ணி குடிக்கிறேன். ஒருக்களிச்சுதான் படுக்கிறேன். நிறுத்தறது எப்டின்னுதான் தெரியல. உனுக்குத் தெரிஞ்சா அதையும் சொல்லு.”

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். காஸ்பருக்கு அது தெரியாது. பாரில் அப்படிப்பட்ட ஆட்களுக்கு முதலாளி சொல்கிற வரைக்கும் ஊற்றியிருக்கிறார். பிறகு கைத்தாங்கலாக ரிக்‌ஷாவில் ஏற்றியிருக்கிறார். அதற்கப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் பார்த்ததில்லை.

1966 மழைக்காலத்தில் சாராயம் காய்ச்சுகிற யாரோ, போதை ஏறட்டும் என்று மரத்துக்கு அடிக்கிற வார்னிஷைக் கலந்துவிட்டான். அதைக் குடித்த மூன்று பேரில் பக்கத்து ஊரான அனந்தபுரத்துக்காரர்கள் இரண்டு பேர் செத்தார்கள். ஆரோக்கியநாதன் சாகவில்லை. காலையில் வெயில் முகத்தில் அடிக்க எழுந்து உட்கார்ந்து, விளக்கை ஏற்றச் சொல்லி ரோஸ்மேரியைக் கேட்டான். அவள் முதலில் விளையாடுகிறான் என்று நினைத்தாள். காஸ்பர் வாடகைக் காரில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வாரக்கணக்கில் கூடவே இருந்தார். பார்வை இனி வராது என்று டாக்டர் சொன்னதை, பாக்கியத்திடம் அவர்தான் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பாக்கியம் அவரைத் திட்டவில்லை. மகனைத் தேருக்கு அனுப்பிய தன் வாயைத்தான் அடித்துக்கொண்டாள். கேட்டது ரோஸ்மேரி.

“பார்ல எத்தினி பேரப் பாத்திருப்ப நைனா. இவுருக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியலியா?”

காஸ்பர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அதிலிருந்தே புரிந்துகொண்டாள். அதன்பிறகு புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டோடு வந்து இருந்தாள்; சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், அவர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள்.

அடுத்த ஈஸ்டர் வந்தது. காஸ்பர் இந்த வருஷம் வரமாட்டார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் பெண்கள் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்தார்கள். ஆண்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள், நீங்கள் கூட இருந்தால் எங்களுக்கு ஒரு தைரியம் என்றார்கள். உள்ளேயிருந்து ரோஸ்மேரி வந்தாள்.

“போய்ட்டு வா நைனா,” என்றாள். “அவங்க ஊட்டு ஆம்பளைங்களாச்சும் ஒழுங்கா வரட்டும்.”

அவர் கிளம்பினார். பஸ் திண்டிவனத்தில் நின்றபோது டீ குடிக்க இறங்கினார். பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவன், புதிதாக வந்தவன் ஒருவனுக்கு, முதலில் கறிச்சோறு, அப்புறம்தான் பீர் என்று விளக்கிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக அவர் காதில் விழுந்தது. பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஏறவில்லை. நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, செஞ்சி பஸ் வரும்வரை கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் இல்லாமலே எல்லாம் அவர் சொன்னபடி நடந்திருந்தது. அதை அவரிடம் வந்து பெருமையாகச் சொன்னார்கள். புதிதாக வந்தவன் யார் என்று அவர் கேட்டார். எங்கள் தெருவில் பெண் எடுத்து மாமனார் வீட்டோடு இருக்கிற சவரிமுத்து என்றார்கள். அவன் எப்படி இருந்தான் என்று கேட்டார். முதல் தடவை மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு ரசித்துக் குடித்தான் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

காஸ்பர் உடனே சவரிமுத்துவின் வீட்டுக்குப் போனார். அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. அவரைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே வரச் சொன்னாள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

“அடுத்த வருஷம் இவன அனுப்பாதம்மா.”

“ஏன் பெரியப்பா? நல்லாத்தான வந்தாரு. சண்டை இல்ல, ஒண்ணும் இல்ல. சிரிச்சிகினே வந்தாரு.”

இவனுக்கு ஆகுமா ஆகாதா என்று அவர் அருகில் இருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைப் பார்க்க அவர் போகவில்லை. வெறுமனே, அனுப்பாதே என்று இன்னொரு முறை சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள். கிழவர் மனசு உடைந்து என்னவோ பேசுகிறார் என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

அவர் வீட்டுக்கு நடந்தார். வேப்பமர நிழலில் கட்டில் போட்டு ஆரோக்கியநாதன் உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு அவன் தலையைத் திருப்பினான்.

“மாமாவா? தேருக்குப் போனவங்க வந்துட்டாங்களாமே.”

“வந்துட்டாங்க.”

“எனக்குன்னு யாராச்சும் எதனா எடுத்தாந்தாங்களா?”

இல்லை என்றார் காஸ்பர். ஆரோக்கியநாதன் குழந்தையிடமிருந்து விரலை விடுவித்துக்கொண்டான். பிறகு, ஒரே ஒரு கிளாஸ்தான், சாப்பிட்டுவிட்டுத்தான் குடிப்பேன், நீயே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள் என்று மெதுவாகக் கேட்க ஆரம்பித்தான். ரோஸ்மேரி கதவருகில் வந்து நின்றாள். காஸ்பர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவன் கேட்டு ஓயும்வரை அங்கேயே நின்றிருந்தார்.