மலை பஸ்ஸில் வந்த முதல்வர்

எங்கள் சமுதாயக் கல்லூரி முதல்வர் பஸ் டிக்கெட்டை வாட்ச் பட்டையில் செருகிக்கொள்வார். காலில் ரப்பர் செருப்பு. புதிதாக வருபவர்கள் அவரிடமே முதல்வர் அறை எங்கே என்று கேட்பார்கள்.

கல்வராயன் மலைப் பிள்ளைகள் தினமும் என் முதல் வகுப்புக்குத் தாமதமாக வந்தார்கள். விதி விதிதான் என்று ஆப்சென்ட் போட்டேன். இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது என்ற நிலை. ஒருநாள் அவர்களோடு முதல்வரும் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"மலை பஸ்ஸு இப்பதாங்க சார் வந்துது. எனக்கும் ஆப்சென்ட் போட்டுக்குங்க."

மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சுற்றறிக்கை: இனி முதல் வகுப்பு பத்து மணிக்கு. பிள்ளைகள் எல்லாரும் பரீட்சை எழுதினார்கள்.

அவர் வீடு மலையில் இல்லை, கீழே கள்ளக்குறிச்சியில். அந்தக் காலை பஸ்ஸைப் பிடிக்க முந்தின நாளே மலையேறி யார் வீட்டில் படுத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.