பாண் போன இடம்

கட்டாரில் உழைத்த காசைப் போட்டு, சண்டை முடிந்த வருடம் நாவற்குடாவில் ஒரு பேக்கரியை வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மூன்று நாள் காலையில் வாசலில் நின்று பார்த்தேன். லொறி நிறையப் பாண் போனது. கணக்குக் கொப்பியும் அதையே சொன்னது.

“நிரந்தர வாடிக்கை தம்பி. நாலு வருசமா ஒரு நாளும் நிண்டதில்ல” என்றார் உரிமையாளர்.

அது பொய்யில்லை. லொறியின் பின்னால் போய்ப் பார்க்காததுதான் என் பிழை.

இரண்டே மாதத்தில் ஓடர் பாதியானது. அப்போதுதான் விசாரித்தேன். பாண் முழுவதும் போனது, சுனாமியிலும் சண்டையிலும் இடம்பெயர்ந்தவர்களின் முகாமுக்கு. சனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முகாமை மூடப்போவது விற்றவருக்கு முன்பே தெரியும்.

கடைசி லொறியோடு நானும் போனேன். பாண் வாங்க வந்த ஓர் அம்மாவைக் காட்டி, சுனாமியில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் என்று சாரதி சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நாளைக்கு எங்கட ஊர் வாகரைக்குப் போறம் மனே. இனி எங்கட அடுப்பில ஆக்கித் தின்னலாம்.”

இவர்கள் போனால் என் பேக்கரி அடுப்பு அணைந்துவிடும் என்ற ஆத்திரம் எனக்கு.

“ஆருக்கு ஆக்கப் போறீங்க? புள்ளைகளத்தான் கடல் கொண்டு போயிட்டே” என்றேன்.

அவர் கையிலிருந்த பாணை லொறியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பேக்கரியை அந்த வருடமே பூட்டினேன். இப்போது எந்தத் தொழிலை வாங்குவதென்றாலும், சரக்குப் போய்ச் சேரும் இடம் வரை போகிறேன். ஏன் வாங்குகிறீர்கள், எதுவரை வாங்குவீர்கள் என்று அங்குள்ளவர்களிடமே கேட்கிறேன். வாகரைக்கு மட்டும் இன்னும் போகவில்லை.