தொட்டியில் இரண்டு

குடிநீர்த் தொட்டிக்குக் கீழே, மோட்டார் அறையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்த அவளை எல்லோரும் அளவுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். தொட்டியின் வெளிச்சுவரில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை கறுப்பு வண்ணத்தில் எண்கள் எழுதியிருக்கும். உள்ளே மிதக்கிற பந்தோடு கம்பியால் கட்டிய சிவப்புத் தகடு ஒன்று அந்த எண்களுக்கு நேராக ஏறி இறங்கும். பந்து மேலே போனால் தகடு கீழே வரும். அதனால் பத்து அடியிலும் பூஜ்யம் உச்சியிலும் இருக்கும். பத்து என்றால் தொட்டி நிறைந்திருக்கிறது, பூஜ்யம் என்றால் காலி. புதிதாக வருகிறவர்கள் தலைகீழாகப் படித்துவிட்டுத் திண்டாடுவார்கள். அவள் ஒரு நாளும் தப்பாகப் படித்ததில்லை.

மணிக்கொரு தரம் வெளியே வந்து, நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்து, நோட்டில் ஒரு எண்ணை எழுதுவாள். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் "ஆறு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. அந்தப் பக்கம் பேசுகிறவர் யாரென்றுகூடப் பல வருடம் அவளுக்குத் தெரியாது. "சாப்டாச்சான்னு கேட்டாலும் ஏழுன்னு சொல்ற ஆளு இது" என்று கூட வேலை செய்யும் மோட்டார்காரர் கிண்டல் செய்வார். ஒரு நாள் உண்மையாகவே அப்படிச் சொல்லியும் இருக்கிறாள்.

பேச வராது என்றில்லை. வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம். எண்ணைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவளுடைய கல்யாணமும் தண்ணீரால் வந்ததுதான். கடைசித் தெருவில் மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தவர், குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது என்று சண்டை போட வந்தார். அவர் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டாள். பிறகு எதுவும் சொல்லாமல் அவர் பின்னாலேயே நடந்து போய், அவர் வீட்டுக் குழாயில் காதை வைத்துக் கேட்டாள். "இன்னும் இருபது நிமிஷம்" என்றாள். இருபதாவது நிமிடம் குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. "அன்னிக்கே மனசுல முடிவு பண்ணிட்டேன்" என்று மெத்தைக்காரர் இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

முப்பத்துநாலு வயதில் அவளுக்கு முதல் குழந்தை. பெண். உள்ளே குறுக்காகப் படுத்துக்கொண்டு, கடைசிவரை திரும்பவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

எடுத்த அன்று மத்தியானம் அவளுக்கு எல்லாமே சுகமாகத்தான் இருந்தது. இடுப்புக்குக் கீழே கால்கள் எங்கோ கிளம்பிப் போயிருந்தன; திரும்பி வந்தால் வரட்டும் என்று தோன்றியது. ஜன்னலோரம் யாரோ வைத்திருந்த வாளித் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, தொட்டிக்குள் படுத்து மேலே பார்ப்பது போலிருந்தது. தண்ணீர் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னத் தொட்டிலில் ஒரு துணி மூட்டை மூச்சு விட்டது.

அப்போது நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், கொண்டையில் பச்சைக் கிளிப் குத்தியிருந்தாள், கையில் அட்டையும் பேனாவும்.

"அக்கா, வலி எப்படி இருக்கு? பத்துக்கு எவ்வளவு சொல்லுவீங்க?"

அவள் கண்ணை மூடி உள்ளே அண்ணாந்து பார்த்தாள். சிவப்புத் தகடு கிட்டத்தட்ட அடியில் இருந்தது.

"எட்டு" என்றாள்.

"எட்டா? முகத்துல ஒண்ணும் தெரியலையே. ரொம்பத் தாங்குறீங்கக்கா" என்று சொன்ன நர்ஸ், ஓடிப் போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து இன்னொரு ஊசியை ஏற்றினாள். எட்டு இருக்கும்போதே இன்னும் நிரப்புகிறார்களே, நல்ல ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டே அவள் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் கையில் குத்தியிருந்த குழாயை எடுத்தார்கள். கால்கள் திரும்பி வந்தன. அவற்றோடு மற்றதும் வந்தது. அடிவயிற்றில் யாரோ சூடான கம்பியைக் குறுக்கே வைத்து மேலே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இருமல் வந்தால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து இருமலை விழுங்கினாள். நர்ஸ் வந்து கேட்டாள். அவள் உள்ளே பார்த்தாள். தகடு உச்சியை நெருங்கியிருந்தது.

"மூணு."

"பரவாயில்லையே" என்றாள் நர்ஸ்.

மத்தியானம் மறுபடியும் கேட்டாள். "ரெண்டு" என்றாள் அவள். சொல்லும்போது உதடு நடுங்கியது. இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

"அருமை. ரெண்டுக்கெல்லாம் மாத்திரை எதுக்கு, சும்மா வயித்தைப் புண்ணாக்கும். வேணும்னா கேளுங்கக்கா, என்ன." பச்சைக் கிளிப் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

அவள் கூரையைப் பார்த்தாள். இரண்டு என்று சொல்லியும் சிரித்துவிட்டுப் போகிறார்கள் என்றால், இங்கே எல்லோருமே இரண்டில்தான் இருக்கிறார்கள் போல. அடுத்த கட்டில்காரிக்கும் அதே நாளில் அதே ஆபரேஷன்தான். அவள் எழுந்து நடந்து போய்ப் பல் விளக்கிவிட்டு வருகிறாள். இரண்டை வைத்துக்கொண்டு அவளால் நடக்க முடிகிறது, தன்னால் முடியவில்லை. குறை தன்னிடம்தான். மாத்திரையைக் கேட்டு வேறு வாங்குவார்களா என்ன?

துணைக்கு இருந்தவள் நாத்தனார், மெத்தைக்காரரின் அக்கா. பஸ்ஸில் கண்டக்டர் வேலை. நாள் முழுக்கக் கூட்டத்தை அதட்டிப் பழகிய குரல்; வார்டில் மெதுவாகப் பேசினாலும் மூன்றாவது கட்டில்வரை கேட்கும். குழந்தை வீறிட்டதும் "இரு இரு, இறங்குற இடம் இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டே தூக்குவாள். அளவுக்காரிக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் தையலில் கத்தி இறங்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"அண்ணி, சிரிக்க வைக்காதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

"நான் எங்க சிரிக்க வெச்சேன். உள்ளதைத்தான் சொன்னேன். சரி, இனிமே வாயத் தொறக்கல." கால் மணி நேரம் வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருப்பாள் நாத்தனார். அந்த முகத்தைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும்.

ஆனால் வலியைவிட ஒன்று அவளை அரித்தது. தொட்டில் அவள் கைக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. அந்த ஒரு முழத்தை அவளால் தாண்ட முடியவில்லை. ஒருக்களிக்க முயன்றாலே கண் இருட்டியது. நாத்தனார் குழந்தையைக் கொண்டுவந்து மேலே வைத்தால், அந்தச் சின்ன உடம்பின் கனம் தையலில் அழுந்தியது. உடம்பு தானாக விறைத்துக்கொண்டது. குழந்தை வாய் வைத்து, எதுவும் வராமல், முகம் சிவந்து கத்தியது. கடைசியில் பால் பவுடரைக் கரைத்துப் பாலாடையில் ஊற்றினார்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் நாத்தனாரின் குரல் கேட்டாலே குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பியது. தன் பக்கம் திருப்பவில்லை.

நாத்தனாருக்கு இன்னும் இரண்டு நாள்தான் லீவு. மெத்தைக்காரருக்குக் கடை. வீட்டுக்குப் போனால் பகல் முழுக்க அவளும் குழந்தையும் மட்டும்தான். குழந்தை அழும். அவள் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை நீண்டு வந்திருந்தது. அவள் அரைத் தூக்கத்தில் தொட்டியின் இரும்புப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். எவ்வளவு ஏறியும் உச்சி வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு. அடியில் ஒரு கை அளவு தண்ணீர் மினுங்கியது. எங்கோ கடைசித் தெருவில் யாரோ குழாயைத் திறந்தார்கள். உஸ்ஸென்று காற்று வந்தது. அந்தச் சத்தம் மெல்ல மெல்லக் குழந்தையின் அழுகையாக மாறியது. வர்றேன், இன்னும் இருபது நிமிஷம் என்று சொல்லப் பார்த்தாள். குரல் வரவில்லை.

"அளவு, ஏய் அளவு. உங்க மோட்டார்காரர் போன்ல. ஏதோ அவசரமாம்." நாத்தனார் தன் போனை அவள் காதில் வைத்தாள்.

மோட்டார்காரரின் குரல் குழைந்தது. "தொந்தரவு பண்றேம்மா, மன்னிச்சுக்கோ. தொட்டி ரெண்டுக்கு வந்துடுச்சு. இப்ப மோட்டார் போட்டுருக்கேன், ஆனா கடைசித் தெருவுல காத்துதான் வருதுன்னு கத்துறாங்க. என்ன பண்றது?"

அவள் முகம் மாறியது. அடுத்து அவளிடமிருந்து வந்த குரலை நாத்தனார் அதுவரை கேட்டதில்லை.

"ரெண்டுக்கு ஏன் விட்டீங்க? ரெண்டுன்னா காலின்னு அர்த்தம். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நாலு வந்ததுமே மோட்டார் போடணும்னு. குழாய்ல தண்ணி வந்துட்டுதானே இருக்குன்னு பாத்துட்டு உக்காந்திருந்தீங்களா? காத்து புகுந்துட்டா அப்புறம் எவ்வளவு அடிச்சாலும் அரை நாளைக்கு ஏறாது. காலியாகறதுக்கு முன்னாடியே நிரப்பணும். இப்ப கடைசி வால்வைத் தொறந்து காத்தை வெளிய விடுங்க."

மூச்சு வாங்கியது. தையல் சுண்டியது. "அம்மா" என்று முனகிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் அடுத்த கட்டிலில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் தெர்மாமீட்டரோடு அப்படியே திரும்பினாள்.

"அக்கா, ரெண்டுன்னா காலியா?"

"ஆமா சிஸ்டர். பத்துன்னா நெறைஞ்சிருக்கு."

"அப்ப எங்கிட்ட நேத்துலேர்ந்து ரெண்டு ரெண்டுன்னு சொன்னீங்களே, அது?"

அவள் கண்ணைத் திறந்தாள். இதில் என்ன கேள்வி என்று அவளுக்குப் புரியவில்லை. "ரெண்டுதான் மிச்சம் இருந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல."

நர்ஸ் அட்டையைப் பார்த்தாள். முதல் நாள் எட்டு. பிறகு மூன்று. பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு. கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். "நான் கேட்டது வலி எவ்வளவு இருக்குன்னுக்கா. தாங்குற தெம்பு எவ்வளவு மிச்சம்னு இல்ல. வலியே இல்லாதப்ப உங்களுக்கு ஊசி போட்டேன். உயிர் போறப்ப மாத்திரையை நிறுத்திட்டேன். எம்மேலதான் தப்பு. முகத்தைப் பாத்தாவது இன்னொரு வார்த்தை கேட்டிருக்கணும்."

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு வார்டுக்கு வெளியே ஓடினாள். அங்கிருந்து அவள் சிரிப்பது மூன்று வார்டுக்குக் கேட்டது.

அரை மணியில் டாக்டர் வந்து பார்த்தார். மாத்திரை எழுதினார். வலி வந்தாலும் வராவிட்டாலும் குறித்த மணிக்கு விழுங்க வேண்டும் என்றார். பாலில் கலந்து குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸே கேட்டாள். பால் குடுக்கிற அம்மா என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறேன், பயமில்லை என்றார் டாக்டர்.

"புரியுதாக்கா? தாங்க முடியாதப்ப போட்டுக்கலாம்னு இருக்கக் கூடாது."

"நாலுலயே மோட்டார் போடணும்" என்றாள் அவள்.

"அதேதான்."

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் மெத்தைக்காரர் வந்தார். விஷயத்தைத் தன் அக்காவிடம் கேட்டவர் சிரிக்கவில்லை. மனைவியின் காலை லேசாகப் பிடித்துவிட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் ஒரு தலையணையோடு வந்தார். ஒன்றரைச் சாண் நீளம். பஞ்சை இறுக்கி அடைத்து, பழைய வேட்டித் துணியால் உறை போட்டிருந்தார். "இருமும்போது, எந்திரிக்கும்போது இதை வயித்துல அழுத்திப் புடிச்சுக்கணுமாம். நர்ஸ் சொன்னாங்க. உன் அளவுக்குத்தான் தைச்சிருக்கேன்."

அதற்கு முன்பே அவள் தலைமாட்டில் ஒரு தாள் வந்திருந்தது. அவளே கோடு போட்டு, மணியும் எண்ணும் எழுதிவைத்திருந்தாள். நாலு மணிக்கு மூன்று. ஆறு மணிக்கு நான்கு. விடிந்ததும் நான்கு. பத்து மணிக்கு ஐந்து. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுத் தன் அட்டையில் தலைகீழாக மாற்றி எழுதிக்கொண்டாள். "எனக்காக நீங்க மாத்தாதீங்கக்கா. எனக்குக் கழிக்கத் தெரியும்."

நான்காம் நாள் மத்தியானம் வார்டு முழுக்கத் தூங்கியது. பஸ்ஸில் தூங்குகிறவர்களைத் திட்டுகிற நாத்தனார், அவர்களைப் போலவே நாற்காலியில் தலை சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வாளித் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. தொட்டிலில் துணி அசைந்தது. அழுகை இல்லை, அழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு சின்ன முனகல்.

அளவுக்காரி உள்ளே அண்ணாந்து பார்த்தாள். ஆறு.

யாரையும் எழுப்பவில்லை. முழங்காலை மடக்கினாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி கட்டை உருளுவதுபோல் முழு உடம்பாக ஒரு பக்கம் உருண்டாள். கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுந்தாள். தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்தாள். வலி இருந்தது. ஆனால் அது அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தது, மேலே வந்து விழவில்லை. நின்றாள். ஒரு முழம் நடந்தாள். தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டாள்.

நினைத்ததைவிடக் குழந்தை லேசாக இருந்தது.

உட்கார்ந்து, தலையணையை மடியோரம் வைத்து, தையலில் படாமல் குழந்தையைப் பக்கவாட்டில் இடுக்கிக்கொண்டாள். வாய் வந்து பற்றியது. முதலில் வெறும் காற்றை உறிஞ்சும் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பதறவில்லை. குனிந்து, குழந்தையின் கழுத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக் காத்திருந்தாள்.

நர்ஸ் அட்டையோடு கட்டில் ஓரம் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இப்ப எவ்வளவுக்கா?"

அவள் ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். சின்னத் தொண்டைக்குள் க்ளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடியும் ஒன்று. பிறகு நிற்காமல் வந்தது.