சிங்காரம் நக்கிய உப்பு

தேவனாம்பட்டினத்துச் சிங்காரத்துக்கு இரண்டு சொத்து: நாலு கருவாட்டுத் தொட்டி, ஒரு நாக்கு. தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, மீனில் உப்பு ஏறிவிட்டதா என்று சொல்லிவிடுவார். சேத்தியாத்தோப்புச் சந்தை வியாபாரி கோவிந்தசாமி மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. "மச்சான் நக்கிட்டாருன்னா சரிதான்."

அறுபத்தாறாம் வருஷம் ஒரு நாள் தலை சுற்றி மணலில் விழுந்தார். சிதம்பரத்து டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்.

"ரத்தக்கொதிப்பு ரொம்ப ஜாஸ்தி. உப்பு கூடாது. சோத்துக்கு அதுக்குப் பதிலா இந்தப் பொடியப் போட்டுக்குங்க. மீறினா கை கால் விழுந்துடும்."

மனைவி மங்கலம் அந்தப் பொடிச் சீசாவைக் கோயில் விபூதி போல வாங்கி வந்தாள். உப்புச் சட்டி பரணுக்குப் போயிற்று. குழம்பு கசந்தது.

"துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்குது" என்றார் சிங்காரம். ஆனாலும் தின்றார். கல்யாண வீட்டுப் பந்தியில் மோரைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தார்.

மூன்று மாதம் கழித்துப் போனால், கொதிப்பு ஒரு புள்ளி இறங்கவில்லை. டாக்டர் மங்கலத்தை முறைத்தார். "எரக்கப்பட்டு நீதான் உப்பு போடுற."

தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். டாக்டர் நம்பவில்லை. பஸ்ஸில் கடலூர் வரைக்கும் அழுதாள்.

மறுநாள் டவுனுக்கு மீன் விற்கப் போகாமல், கஞ்சியோடு தொட்டிக்குப் போனாள். சிங்காரம் ஒவ்வொரு தொட்டியாக விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தார். அவள் பார்த்து நின்ற நேரத்துக்குள் பதினேழு தடவை.

"என்னய்யா பண்ற?"

"தொழில் பாக்குறேன்."

"அது உப்பு இல்லியா?"

"சோத்து உப்பத்தான டாக்டர் சொன்னாரு. தொட்டித் தண்ணியவா சொன்னாரு?"

"இன்னைக்கே நிறுத்துய்யா."

"நிறுத்திட்டா? நக்கறது யாரு, நீயா?"

அவர் நிறுத்தவில்லை.

பத்தாம் நாள் வலது கையும் காலும் விழுந்தன. நாக்கும் குழறிப் போனது. இனி ருசியும் சொல்லாது, பேச்சும் சொல்லாது. பொடி போட்ட கஞ்சியை மங்கலம் ஊட்ட, பாதி கடைவாயில் வழிந்தது. இப்போது டாக்டர் சொன்னதை அவர் அப்படியே கடைப்பிடிக்கிறார்.

வெள்ளிக்கிழமை கோவிந்தசாமி சாக்கோடு வந்தான். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினான்.

"உப்பு ஏறிடுச்சா தங்கச்சி?"

மங்கலம் முந்தானையில் கையைத் துடைத்தாள். விரலைத் தொட்டியில் விட்டாள். நக்கினாள்.

"இன்னும் ஒரு நாள் ஊறட்டும்ணே."