பனியன் வேஸ்ட் உறிஞ்சிய கூலன்ட்

பேட்டரி டெர்மினலை மாட்ட வேண்டாம் என்று நான் சொன்னபோது, கலாமணி அக்கா சாவியோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியலில் ஒரு பனியன் கம்பெனி ஆட்களை அவர் ஊட்டிக்கு ஏற்றிப் போக வேண்டும். சொந்த வேனுக்குக் கிடைத்த முதல் கம்பெனி வாடகை. ஹீட்டர் ஒழுகி, முன்கண்ணாடியில் ஆவி படிந்ததால் பல்லடம் ரோட்டில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார். கண்ணாடி மங்கினால் மலையில் ஓட்ட முடியாது.

ஹீட்டருக்குள் சூடேறும் ‘கோர்’ பாகத்தை மாற்றியவர் எங்கள் மெக்கானிக் ராஜேந்திரன் அண்ணன், தென்காசிக்காரர். ஹோஸைக் கழற்றும்போது, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் மிச்சமிருந்து சிந்தும். அதற்காக டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஒயர் கனெக்டர்களைச் சுற்றிப் பனியன் வேஸ்ட்டைத் திணித்திருந்தார். கட்டிங்கில் மிஞ்சும் அந்தத் துணி இங்கே மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்; எல்லா வேலைக்கும் அதைத்தான் எடுப்போம். டிப்ளமா படித்து வந்த எனக்கு எலக்ட்ரிக்கல் பொறுப்பு. டெர்மினலை மாட்டுவதற்கு முன் ஒரு துண்டை உருவிப் பார்த்தேன். கீழ் நுனி மட்டும்தான் கூலன்ட்டில் பட்டிருந்தது. ஈரம் மேலே ஏறி, கனெக்டரின் வாய்வரை வந்திருந்தது.

“ஊரே இந்தத் துணியிலதான் தொடைக்குது. டிப்ளமாவுக்கு மட்டும் ஆகாதோ?” என்றார் அண்ணன்.

துடைக்க நல்ல துணிதான், நன்றாக உறிஞ்சுவதால்தான் இங்கே ஆகாது என்றேன்.

அக்கா இறங்கி வந்தார். “ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தரலாம் கண்ணு. இந்த வாடகை போச்சுன்னா அந்தக் கம்பெனி மறுக்கா கூப்புடாது.”

ஈரத்தோடு கரன்ட் போனால் பின்கள் ஷார்ட் ஆகும், பிறகு வேனே நின்றுவிடும் என்று விளக்கினேன். அக்கா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

கூலன்ட் தண்ணீர்போலக் காய்ந்து போகாது; பிசுக்கு நிற்கும். கனெக்டர்களைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, கம்ப்ரஸர் காற்றின் வேகத்தைக் குறைத்து வைத்து ஊதினேன். முடிந்தது என்று எழுந்தபோது அண்ணன் தடுத்தார்.

“ப்ளோயர் ஃபேனுக்குப் பின்னாடி இன்னொரு துணி வச்சிருக்கேன். அதையும் எடுத்துரு.”

கைவிட்டுப் பார்த்தேன். அந்தத் துண்டும் நனைந்திருந்தது. அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது ஹீட்டர் வேலை என்றால் பேட்டரியைக் கழற்றி, என்ஜின் ஆறிய பிறகே ஹோஸைத் தொடுகிறோம். கனெக்டருக்கு வாய் கீழ்நோக்கிய பாலித்தீன் உறை. துணி தரையில் மட்டும். எங்கெங்கே எதை வைத்தோம் என்பதை வைத்தவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

அன்று டெர்மினலை மாட்டியதும் வேன் ஸ்டார்ட் ஆனது. அக்கா முன்கண்ணாடியில் வாயால் ஊதி ஆவி படியவைத்தார். சூடான காற்று பட்டு அது முழுக்க விலகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் கம்பெனிக்குப் போன் போட்டு, விடியலில் வந்துவிடுவதாகச் சொன்னார்.