சித்தி விதைத்ததும் நான் நட்டதும்

ராயபுரத்தில் ரயில் பாதையோரம் சொடக்குத் தக்காளி தானாகவே முளைத்துக் கிடக்கும். காயை மூடியிருக்கும் பையை நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைப்போம். அதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது. அதற்கு மலையில் ஓர் அக்கா உண்டு, பழம் கோலிக்குண்டு அளவு இருக்கும் என்பது சித்தி குன்னூரிலிருந்து வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. குன்னூரில் ரயில் வேலை பார்ப்பவருக்குக் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தனியாக வந்து இறங்கினாள். ஒரு கூடைப் பழமும், அம்மா நடுவதற்கென்று ஈரத்துணியில் சுற்றிய நாலு கிளையும் கையில் இருந்தன. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் இல்லாமல் வந்தால் பூசைக்குப் போகிற இடத்தில்கூடக் கேள்வி வரும். அப்பா மறுநாள் காலையிலேயே, எப்போது திரும்புகிறாய் என்று கேட்டுவிட்டார். சித்தி கூடையைப் பார்த்தாள்.

"இத்த இங்க போட்டு, காய்க்கிறத பாத்துட்டுப் போறேன் மாமா."

"சரி. காய்ச்சதும் கெளம்பிடணும்" என்றார். அப்பா கெட்டவரில்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர்.

அம்மாவுக்குச் செடி விவகாரம் தெரியும். "கெளைய நட்டா சுருக்கா காய்ச்சிடுமே. வெதைய போட்டுகினு எத்தினி மாசம் குந்திகினு இருப்பே?"

"மலைக் கெளை இந்த மண்ல வராதுக்கா" என்று நாலையும் கொல்லையில் எறிந்துவிட்டாள் சித்தி. பழத்தைப் பிசைந்து, விதையை அலசி, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, உடைந்த சட்டியில் தூவினாள். முளைத்ததை ஒரு நாள் மொத்தமாகப் பிடுங்கினாள். நோஞ்சானாம். என் கண்ணுக்கு அவை நன்றாகத்தான் இருந்தன. மறுபடி விதைத்தாள்.

மத்தியானங்களில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள். குன்னூர் வீட்டு ஞாபகம் வந்து அழுகிறாள் என்று எட்டு வயதில் நானே முடிவு கட்டினேன். எறிந்த கிளைகளில் ஒன்றை முதல் நாளே எடுத்து, ஓலைத் தட்டிக்குப் பின்னால், யாரும் போகாத சந்தில் குத்தி வைத்திருந்தேன். சும்மா விளையாட்டுக்கு வைத்தது, அன்றிலிருந்து வேலையாகிவிட்டது. மீன் கழுவின தண்ணீர் செடிக்கு நல்ல உரம், ஆனாலும் சித்தி அதைத் தன் நாற்றுப் பக்கமே விடமாட்டாள். நான் அம்மாவுக்குத் தெரியாமல் அதைச் சொம்பு சொம்பாக என் கிளைக்கு ஊற்றினேன். அது மதமதவென்று வளர்ந்தது. சித்தியின் இரண்டாம் நாற்று பூக்காமல் நின்றபோதே என் செடியில் பை காய்ந்து முதல் பழம் மஞ்சளாகிவிட்டது.

எல்லோரும் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கொண்டுபோய் நீட்டினேன்.

"இத்த யாருடி வச்சது?" என்றாள் சித்தி.

"நாந்தான். நீ சுருக்கா வூட்டுக்குப் போவணும்னு."

அப்பாதான் முதலில் சிரித்தார். "அட, காய்ச்சிடுச்சே. ஞாயித்துக்கெழம ரயிலு ஏறிடலாம்." சித்தி சரியென்று தலையாட்டினாள். பழத்தை அவள் தின்னவில்லை. சென்ட்ரலில் வண்டி கிளம்பும்போது என் மோவாயைப் பிடித்து, "நல்லாத்தான் வளத்தே" என்று மட்டும் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டிய பட்டுச்சேலையை மாற்றாமல் தட்டிக்குப் பின்னால் போனாள். என் செடியைக் காயும் பிஞ்சுமாக வேரோடு பிடுங்கித் தெருவில் வீசினாள். ஏன் என்று கேட்டதற்கு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. புருஷன் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் சித்தி நாளைக் கடத்தத்தான் விதை போட்டாள் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் பிடித்தது. அன்றைக்குப் பொழுது சாயும்வரை கொல்லையில் புரண்டு புரண்டு அழுதேன். செடி போய்விட்டதே என்றுதான் அழுதேன்.