விளம்பரத்துக்கு நிற்காத ரேடியோ

கோவை ஆர்.எஸ்.புரத்தில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளூர் ரேடியோவில் காலை ஏழு மணிக்குப் பழைய பாட்டுகள் போடுவார்கள். அவர் தவறாமல் கேட்பார்; விளம்பரம் வந்ததும் டக்கென்று அணைப்பார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி போடுவார். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த டக் சத்தம் கேட்டால்தான் மனுஷர் நன்றாக இருக்கிறார் என்று நிம்மதி.

அன்று நகைக்கடை விளம்பரம் முழுதாக ஓடியது. பிறகு ஜவுளிக்கடை விளம்பரம். அதுவும் நிற்கவில்லை. சத்தமோ தெருவுக்கே கேட்டது. வாயில் பேஸ்ட் நுரையோடு படியிறங்கி ஓடினேன். வெளியூரில் இருக்கும் அவருடைய மகனின் நம்பரைக்கூட வாங்கி வைக்காத என்னை நானே திட்டிக்கொண்டேன். கதவு திறந்தே கிடந்தது.

அலறும் ரேடியோவின் பின்பக்கத்தைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வா கண்ணு. நேத்தே சத்தம் கம்மியாத்தான் இருந்துச்சு. இன்னிக்குச் சுத்தமா வர மாட்டீங்குது. ஸ்டேஷனையே மூடிப்போட்டாங்களா?” என்றார்.

நான் ரேடியோவை அணைத்தேன். அவர் முகம் மாறவில்லை. அடுத்த ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்தார்.